வேட்டைக்குப் புறப்படும் முன்: கதிரவெளிக் காடும் கலகாரிப் புல்வெளியும்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் ஏ-15 வீதியில் பனிச்சங்கேணிப் பாலத்தையும் வாகரையையும் கடந்து வடக்கே போனால் கதிரவெளி வரும். கிழக்கே கடல். மேற்கே வயலும் பற்றைக்காடும், அதற்கப்பால் பெருங்காடும். வடக்கே வெருகல் ஆறு. இந்தப் பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது 2006 நவம்பர் 8. அன்று, இடம்பெயர்ந்த மக்கள் தங்கியிருந்த விக்னேஸ்வரா வித்தியாலயத்தின் மீது விழுந்த எறிகணைகளில் 40க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். அதற்கு முன் 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போயிருந்தது.

ஆனால் கதிரவெளிக்கும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கும் போருக்கும் கடற்கோளுக்கும் முந்திய இன்னொரு வரலாறு உண்டு. அது வேட்டையின் வரலாறு. அந்தக் காட்டில் வேட்டையாடி வாழ்ந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் வேட்டைக்கு எப்படி ஆயத்தமானார்கள், அந்த உரிமை எப்படிக் கைநழுவியது, உலகின் இன்னொரு மூலையில் தெற்கு ஆபிரிக்காவில் அதே கேள்விக்கு எப்படி விடை கண்டார்கள் என்பவற்றை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

கரையோர வேடர் யார்?

வேடர் என்றதும் தம்பானையும் மகியங்கனையும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். தமிழ் பேசும் வேடர் கிழக்குக் கரையோரத்தில், மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் இடையில் வாழ்ந்து வருகிறார்கள். இன்றைய கோறளைப்பற்று வடக்கு (வாகரை) பிரதேச செயலாளர் பிரிவிலும் வெருகலுக்கு அப்பாலும் இவர்களின் குடியிருப்புகள் உள்ளன. ஆய்வாளர்கள் இவர்களைக் கரையோர வேடர் என்று அழைக்கிறார்கள்.

இவர்களைப் பற்றி விரிவாக எழுதிய முதல் நூல்களுள் ஒன்று, பிரித்தானிய மானிடவியலாளரான சி. ஜி. செலிக்மனும் அவருடைய துணைவி பிரெண்டா செலிக்மனும் 1911இல் வெளியிட்ட 'த வெத்தாஸ்' என்ற நூல். அதில் ஒரு தனி அத்தியாயமே கரையோர வேடருக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. அந்த நூல் வந்த காலத்திலேயே இவர்கள் தமிழ் பேசி, வலை வீசி மீன் பிடித்து, சேனைப்பயிர் செய்து வாழ்ந்தார்கள். உட்காட்டிலிருந்து கரைக்கு வந்த கூட்டம் தாங்கள் என்ற நினைவும் அவர்களிடம் இருந்தது. கடல் பாதி, காடு பாதி என்ற வாழ்க்கை அது. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் காடும் களப்பும் சோறு போட்டன.

குடிசன மதிப்பீடுகளைப் பார்த்தால், 1911இல் நாடு முழுவதும் 5,000க்கும் மேற்பட்டோர் வேடராகப் பதியப்பட்டிருந்தார்கள். 1963இல் அந்தத் தொகை 400 அளவுக்கு இறங்கியது. அத்தனை பேரும் மடிந்துபோய்விட்டார்கள் என்று இதற்குப் பொருளல்ல. பலர் சிங்களவராகவோ தமிழராகவோ பதியப்பட்டார்கள். வாகரைப் பக்கத்து வேடரின் பிள்ளைகள் தமிழ்ப் பாடசாலையில் படித்தார்கள், தமிழ்க் கோயில்களில் கும்பிட்டார்கள், தமிழரோடு சேர்ந்து இடம்பெயர்ந்தார்கள். அரசாங்கக் காகிதத்தில் வேடர் என்ற சொல் மறைந்தபோது, காட்டின் மீது அவர்களுக்கிருந்த பழைய உரித்தைப் பற்றிய பேச்சும் சேர்ந்தே மறைந்தது.

அன்றைய ஆயத்தம்

வேட்டை என்றால் துவக்கைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் நுழைவது என்று நினைப்பவர்கள் உண்டு. காட்டில் பிழைத்தவர்களுக்கு அது கடைசி நிமிடத்து வேலை. அதற்கு முந்திய நாட்களில்தான் வேட்டையின் பெரும்பகுதி நடந்தது.

முதலாவது, காலம். கிழக்கில் மாரி மழை ஐப்பசி முதல் தை வரை பெய்யும். அந்த நாட்களில் காடெங்கும் தண்ணீர் நிற்கும், விலங்குகள் சிதறி மேயும். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரையான வெயிலில் மடுக்களும் வில்லுகளும் ஒவ்வொன்றாக வற்றும். மிஞ்சிய தண்ணீருக்கு மானும் மரையும் பன்றியும் வந்தே தீரவேண்டும். எந்த மடு எந்த மாதத்தில் வற்றும் என்பதைத் தெரிந்தவனே வேட்டைக்காரன்.

இரண்டாவது, தடம். ஈரமண்ணில் பதிந்த குளம்பின் ஓரம் கூராக இருக்கிறதா, காய்ந்து உதிர்கிறதா என்பதை வைத்து விலங்கு போன நேரத்தைச் சொல்வார்கள். மரையின் குளம்புக்கும் புள்ளிமானின் குளம்புக்கும் அளவில் வேறுபாடு உண்டு. பன்றி கிளறிய மண்ணும் முள்ளம்பன்றி தோண்டிய குழியும் வேறு வேறு. இதைப் பள்ளிக்கூடத்தில் படிக்க முடியாது. தகப்பனுக்கும் மாமனுக்கும் பின்னால் நடந்தே பழக வேண்டும்.

மூன்றாவது, காற்று. மனிதனின் கண்ணை மானால் ஏமாற்ற முடியாமல் போகலாம், ஆனால் மனித வாடையை அது ஒருபோதும் தவறவிடாது. காற்று முகத்தில் படும்படி நடப்பதும், மறைவு கட்டும்போது தண்ணீரின் எந்தப் பக்கம் என்று பார்ப்பதும் இதற்காகத்தான்.

நான்காவது, தெய்வம். உள்நாட்டு வேடர் வேட்டை வாய்க்க வேண்டுமென்று 'கண்டே யக்கா' என்ற, முற்காலத்துப் பெரும் வேட்டைக்காரனின் ஆவியை அழைத்துச் சடங்கு செய்ததைச் செலிக்மன் தம்பதியர் விரிவாகப் பதிந்துள்ளார்கள். கரையோர வேடரிடமும் முன்னோரை அழைக்கும் சடங்குகள் தமிழில் தொடர்ந்தன. வேட்டைக்கு முன் தெய்வத்திடம் கேட்பது என்பது, காட்டில் உள்ளது தனக்கு மட்டும் சொந்தமானதல்ல என்று ஒப்புக்கொள்வதாகும்.

ஐந்தாவது, பங்கு. வேடர் கூட்டங்களுக்கிடையே காட்டு எல்லைகள் இருந்தன. ஒருவரின் எல்லைக்குள் இன்னொருவர் கேளாமல் வேட்டையாடுவதில்லை. விழுந்த விலங்கு வேட்டையாடியவனின் வீட்டோடு நின்றுவிடவில்லை, கூட்டத்துக்குள் பகிரப்பட்டது. மிஞ்சிய இறைச்சி நெருப்பிலும் வெயிலிலும் வாட்டி வற்றலாக்கப்பட்டது. அதைத் தேனில் இட்டு வைக்கும் வழக்கமும் வேடரிடம் இருந்தது.

துரைமாரின் துவக்கும் சட்டமும்

பிரித்தானியர் காலத்தில் வேட்டைக்கு வேறொரு பொருள் வந்தது. 1840களில் இலங்கைக்கு வந்து நுவரெலியாவில் பண்ணை வைத்த சாமுவேல் பேக்கர், தன் வேட்டைகளைப் பற்றி நூலே எழுதினார். பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் ரோஜர்ஸ் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் ஹப்புத்தளைக்கு அருகில் மின்னல் தாக்கி அவர் இறந்தார். யானையைச் சுட்டவர்களுக்கு அரசாங்கம் தலைக்கு இவ்வளவு என்று வெகுமதியும் கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வட மாகாணத்தில் மட்டும் 3,500 யானைகள் கொல்லப்பட்டு வெகுமதி வழங்கப்பட்டதாக, குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதியிருக்கிறார்.

காடு வெறுமையாகத் தொடங்கிய பிறகே பாதுகாப்புச் சட்டங்கள் வந்தன. அந்தச் சட்டங்களை வேண்டி நின்றவர்களில் பலர் வேட்டைக்காரத் துரைமாரே. 1894இல் அமைந்த வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கமே இன்றைய வனவிலங்கு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் முன்னோடி. இன்று சுற்றுலாப் பயணிகள் சிறுத்தை பார்க்கப் போகும் யாலவின் ஒரு பகுதி, 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் 'வதியும் வேட்டைக்காரர்களுக்கான' சுடுநிலமாக ஒதுக்கப்பட்டிருந்தது. உயிர் பிழைக்க வேட்டையாடியவனின் வேட்டை களவு என்றும், பொழுதுபோக்குக்காகச் சுட்டவரின் வேட்டை விளையாட்டு என்றும் பிரிக்கப்பட்டது அந்தக் காலத்தில்தான்.

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றுவரை அடிப்படைச் சட்டமாக உள்ளது. அதன் ஆரம்ப வடிவில் மான், மரை சுடுவதற்கு உரிமம் கொடுக்கும் முறையும், வேட்டை மூடப்படும் பருவமும் இருந்தன. பின்வந்த திருத்தங்களில் பாதுகாப்பு இறுகியது. கடைசிப் பெரிய திருத்தம் 2009ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம். விலங்குகளைக் காக்க இந்த இறுக்கம் தேவைப்பட்டது என்பதை மறுக்க முடியாது. ஆனால் காட்டை நம்பி வாழ்ந்த மக்களுக்கென்று தனியான இடம் எதையும் அது வைக்கவில்லை. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது தம்பானைப் பக்கத்து வேடர் தங்கள் வேட்டைக் காட்டை ஒரே நாளில் இழந்தார்கள். பலர் மகாவலித் திட்டக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுடைய குரல் வெளியுலகுக்குக் கேட்டது. கதிரவெளிப் பக்கத்து வேடரின் குரல் அந்த அளவுக்குக்கூடக் கேட்கவில்லை. அதே 1983இல் இங்கே போரும் தொடங்கியிருந்தது.

தெற்கு ஆபிரிக்காவில் இன்று வேட்டைக்கு ஆயத்தமாவது

உலகின் இன்னொரு பக்கத்தில் வேட்டை ஒரு தொழிற்றுறை. நமீபியாவுக்கும் தென்னாபிரிக்காவுக்கும் ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆண்டுதோறும் வேட்டைக்காரர்கள் வருகிறார்கள். சிங்கம், யானை போன்றவற்றுக்கு அல்லாமல், புல்வெளியில் மேயும் கூடு, இம்பாலா, ஜெம்ஸ்பொக், ஸ்பிரிங்பொக், வில்டபீஸ்ட் போன்ற மான் இனங்களுக்காகவும், வரிக்குதிரை, காட்டுப்பன்றி இனங்களுக்காகவும் வருபவர்களே அதிகம். அவர்களின் ஆயத்தம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது.

பருவம்: வைகாசி முதல் புரட்டாதி வரை சிறந்த காலம். அங்கே அது குளிர்காலமும் வறட்சிக்காலமும் ஆகும். இலை உதிர்ந்து பார்வை தெளியும், விலங்குகள் தண்ணீரை நாடி வரும், நுளம்பு குறையும். கதிரவெளிக் காட்டின் வேட்டைக்காலமும் இதே மாதங்கள்தான். நமீபியாவில் வெளிநாட்டவருக்கான வேட்டைப் பருவம் பெப்ரவரி 1 முதல் நவம்பர் 30 வரை. டிசம்பரிலும் ஜனவரியிலும் வேட்டை இல்லை.

அனுமதி: நமீபியாவில் வெளிநாட்டவர் தனியாக வேட்டையாட முடியாது. அரசில் பதிவுபெற்ற தொழில்முறை வேட்டை வழிகாட்டி உடனிருக்க வேண்டும். வேட்டைக்கு முன்பே அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். ஒருவர் ஓர் ஆண்டில் ஓர் இனத்தில் இரண்டுக்கு மேல் வேட்டையாட முடியாது.

துவக்கு: தென்னாபிரிக்காவுக்குத் துவக்கு கொண்டு செல்பவர் அந்நாட்டுப் பொலிஸின் 520ஆம் இலக்கப் படிவத்தைக் கறுப்பு மையில் நிரப்ப வேண்டும். கையெழுத்தை அதிகாரியின் முன்னால்தான் இடவேண்டும். துவக்கு தன்னுடையது என்பதற்கான அத்தாட்சி, அழைப்புக் கடிதம், திரும்பும் பயணச்சீட்டு எல்லாம் காட்ட வேண்டும். ஒரு துவக்குக்கு 200 ரவைகளுக்கு மேல் கொண்டுபோக முடியாது. நமீபியாவில் எந்த விலங்குக்கு எவ்வளவு வலுவுள்ள ரவை என்பதைக்கூடச் சட்டம் சொல்கிறது. ஸ்பிரிங்பொக் போன்ற சிறியவற்றுக்கு 1,350 ஜூல், கூடு, ஜெம்ஸ்பொக் போன்றவற்றுக்கு 2,700 ஜூல், எருமைக்கு 5,400 ஜூல் ஆகக் குறைந்தது வேண்டும். காயத்தோடு ஓடி நாட்கணக்கில் துடித்துச் சாகக்கூடாது என்பதே இதன் நோக்கம்.

பயிற்சி: அங்கே நின்றபடி, மூன்று கால் தாங்கியில் துவக்கை வைத்தே பெரும்பாலும் சுடுவார்கள். ஆகவே வீட்டிலிருக்கும்போதே அந்த நிலையில் மாதக்கணக்கில் பழக வேண்டும். ஆபிரிக்க மான்களின் இதயமும் நுரையீரலும் தோளுக்கு நேராக, முன்பக்கமாகவும் தாழ்வாகவும் இருக்கும். வேறு நாட்டு மான்களைச் சுட்டுப் பழகியவர்கள் பின்பக்கமாகக் குறி வைத்து விலங்கைக் காயப்படுத்திவிடுவதுண்டு. அதனால் விலங்கின் உடலமைப்பைப் படத்தில் பார்த்துப் படிக்கும்படி வழிகாட்டிகள் சொல்வார்கள். நாளுக்குப் பல கிலோமீற்றர் நடக்கக்கூடிய கால்களும், பழகிய சப்பாத்தும், மலேரியாப் பகுதியென்றால் அதற்கான மருந்தும் வேண்டும்.

செலவு: நாட்கூலி ஒன்று, வீழ்த்தும் ஒவ்வொரு விலங்குக்கும் தனிக்கட்டணம் இன்னொன்று. விலங்கு காயப்பட்டுத் தப்பினாலும் அதன் கட்டணத்தைக் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். இறைச்சி பெரும்பாலும் அந்த மண்ணிலேயே நின்றுவிடும். வந்தவர் கொம்பையும் தோலையும் கொண்டு போவார்.

பொழுதுபோக்குக்காக உயிரைக் கொல்வது சரியா என்ற கேள்வி அங்கேயும் உண்டு. கென்யா 1977இலேயே விளையாட்டு வேட்டையைத் தடைசெய்தது. பொட்ஸ்வானா 2014இல் நிறுத்தி, 2019இல் மீண்டும் அனுமதித்தது. நமக்கு இங்கே முக்கியமானது வேறொரு கேள்வி: அந்தக் கட்டணம் யாருக்குப் போகிறது?

நமீபியா கண்ட வழி

நமீபியாவும் போரிலிருந்து எழுந்த நாடு. 1966 முதல் 1989 வரை அங்கே விடுதலைப் போர் நடந்தது. 1990 மார்ச் 21இல் சுதந்திரம் கிடைத்தது. அதற்கு முன் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, தனியார் பண்ணை வைத்திருந்த வெள்ளையருக்குத் தங்கள் நிலத்து விலங்குகள் மீது உரிமை இருந்தது. பொதுநிலங்களில் வாழ்ந்த கறுப்பின மக்களுக்கும் சான் மக்களுக்கும் அது இல்லை. அவர்கள் வேட்டையாடினால் களவு.

1996இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. பொதுநிலத்தில் வாழும் மக்கள் எல்லையை வரையறுத்து, உறுப்பினரைப் பதிந்து, குழுவைத் தெரிந்து, வருமானத்தைப் பகிரும் திட்டத்தையும் எழுதிக் கொடுத்தால், 'கன்சர்வன்சி' என்ற சமூகப் பாதுகாப்பு வலயமாகப் பதிவு பெறலாம். பதிவு பெற்றதும் அங்குள்ள விலங்குகளை ஆளும் உரிமை நிபந்தனைகளோடு அவர்களுக்குக் கிடைக்கும். எத்தனை விலங்கை எடுக்கலாம் என்பதை அமைச்சு வரையறுக்கும். முதல் நான்கு வலயங்கள் 1998இல் பதிவாகின. இன்று 80க்கும் மேற்பட்டவை உள்ளன. வெளிநாட்டு வேட்டைக்காரர் செலுத்தும் கட்டணம் இந்த வலயங்களுக்கு வருகிறது, இறைச்சி ஊர்மக்களிடையே பகிரப்படுகிறது, காவலர்களுக்குச் சம்பளம் கொடுக்கப்படுகிறது.

முதல் நான்கில் ஒன்று நயே நயே. சுமார் 9,000 சதுர கிலோமீற்றர் பரப்பில் ஜுஹோவான்சி எனப்படும் சான் மக்கள் வாழும் இடம். போர்க்காலத்தில் தென்னாபிரிக்க இராணுவம் அவர்களின் இளைஞர்களைப் படையில் சேர்த்தது. கையில் வந்த சம்பளம் குடியிலும் சண்டையிலும் கரைந்தது. அவர்களின் நிலத்தை விலங்குச் சரணாலயமாக்கும் யோசனையும் 1980களில் வந்தது. அவர்கள் எதிர்த்தார்கள், சிறு சிறு குழுக்களாகத் தங்கள் பழைய நிலங்களுக்குத் திரும்பிக் குடியேறினார்கள். இன்று தங்கள் வலயத்துக்குள் வில்லும் அம்பும் கொண்டு மரபுப்படி வேட்டையாடும் உரிமை அவர்களுக்கு உண்டு.

அவர்களின் ஆயத்தம் நம் வேடருடையதை நினைவூட்டும். ஒரு வகை வண்டின் புழுவிலிருந்து எடுத்த நஞ்சை அம்பில் பூசுவார்கள். அது மெதுவாக வேலை செய்யும். அடிபட்ட விலங்கின் தடத்தை ஒரு நாளோ அதற்கு மேலோ பின்தொடர வேண்டும். விலங்கை வீழ்த்திய அம்பு யாருடையதோ அவருக்கே இறைச்சியைப் பகிரும் பொறுப்பு. அம்பை இரவல் கொடுத்த கிழவியாகவும் அவர் இருக்கலாம். பெரிய விலங்கோடு வந்தவனை ஊரார் புகழ்வதில்லை, 'எலும்பும் தோலும்தானே' என்று கேலி செய்வார்கள். வேட்டைக்காரனுக்குத் தலைக்கனம் வரக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

எல்லாம் நல்லபடி நடக்கிறது என்று சொல்ல முடியாது. வலயங்களுக்குள் வருமானத்தைப் பகிர்வதில் சண்டைகள் வருகின்றன, வெளியார் மாடுகளோடு உள்ளே நுழைகிறார்கள். அண்டை நாடான பொட்ஸ்வானாவில் நிலைமை இன்னும் கடினம். 1961இல் அமைக்கப்பட்ட மத்திய கலகாரி விலங்குச் சரணாலயத்திலிருந்து 1997இலும் 2002இலும் சான் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் வழக்குப் போட்டார்கள். 2006 டிசம்பர் 13இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம், அவர்களை வெளியேற்றியதும் வேட்டை உரிமம் மறுத்ததும் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குப் பின்னும் உரிமம் இலகுவில் கிடைக்கவில்லை. ஆனாலும் அவர்களின் கையில் ஒரு தீர்ப்பு இருக்கிறது.

அந்த டிசம்பரில் கதிரவெளி மக்கள் எங்கே இருந்தார்கள் என்பது இதை வாசிப்பவர்களில் சிலருக்கு நேரிலேயே தெரியும். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுவழியாலும் களப்புவழியாலும் வாழைச்சேனைப் பக்கம் வந்துகொண்டிருந்தார்கள். 2007 ஜனவரியில் வாகரை இராணுவத்தின் வசமானது. அந்தக் காட்டு வழிகளைத் தெரிந்தவர்களின் காலடிகளைப் பின்பற்றித்தான் பலர் உயிர் தப்பினார்கள். வேட்டைக்காகக் கற்ற அறிவு அன்று ஆட்களைக் காப்பாற்றியது.

போருக்குப் பின் காட்டில் மிஞ்சியது

போர்க்காலத்தில் காட்டுக்குள் போவதே உயிராபத்து. துவக்கோடு கண்டால் ஒரு தரப்பு சுடும், கையில் ஒன்றுமில்லாமல் கண்டாலும் இன்னொரு தரப்பு விசாரிக்கும். கண்ணிவெடிப் பயம் வேறு. மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அகற்றப்பட்ட மாவட்டமாக அறிவிக்கப்பட்டது 2017இல்தான். ஒரு தலைமுறை முழுவதும் காட்டை வெளியிலிருந்து பார்த்தே வளர்ந்தது. தகப்பனுக்குப் பின்னால் நடந்து தடம் பார்க்கக் கற்க வேண்டிய வயதைப் பிள்ளைகள் முகாம்களில் கழித்தார்கள்.

ஊர் திரும்பியபோது வறுமை இருந்தது, காடும் இருந்தது, இடையில் இருந்த அறிவு தேய்ந்துவிட்டது. அந்த வெற்றிடத்தில் கிழக்கிலும் வன்னியிலும் பரவியவை கம்பிச் சுருக்கு, கட்டுத்துவக்கு, பன்றி வெடி ஆகிய மூன்றும்.

இந்த மூன்றுக்கும் ஆயத்தம் எதுவும் தேவையில்லை. காற்றைப் பார்க்க வேண்டாம், காலத்தைப் பார்க்க வேண்டாம். வைத்துவிட்டு வீட்டில் படுத்திருக்கலாம். சுருக்கு, மானா சிறுத்தையா என்று பார்ப்பதில்லை. சினைமானையும் குட்டியையும் அது பிரித்தறியாது. இரைக்குள் மறைத்து வைத்த பன்றி வெடியைக் கடித்த யானைக்கன்றுகள் வாய் சிதைந்து, உணவு எடுக்க முடியாமல் நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகின்றன. கட்டுத்துவக்கின் கயிற்றில் கால் பட்டு விறகுக்கும் தேனுக்கும் போனவர்கள் காலை இழந்திருக்கிறார்கள், உயிரையும் இழந்திருக்கிறார்கள். போரில் மிதிவெடிக்குத் தப்பியவன் அயலவன் கட்டிய துவக்கில் விழுவது எவ்வளவு பெரிய கொடுமை!

இப்படிப் பிடிபடும் இறைச்சியின் பெரும்பகுதி ஊரின் பசிக்கும் போவதில்லை. வீதியோரமாகக் கைமாறி நகரத்துக்குப் போகிறது. பிடிபட்டு நீதிமன்றம் போவது ஏழை. வாங்கித் தின்றவரின் பெயர் வெளியே வருவதில்லை.

தெரிந்திருக்க வேண்டிய சட்ட நிலை

காட்டோரத்தில் வாழ்பவர்களும் விடுமுறைக்கு ஊர் வரும் புலம்பெயர்ந்தவர்களும் கவனத்தில் கொள்ள வேண்டியவை:

- புள்ளிமான், மரை, சருகுமான் போன்றவற்றைக் கொல்வதும், அவற்றின் இறைச்சியை விற்பதும் கொண்டுசெல்வதும் குற்றம். 'ஒரு கிலோ மான் இறைச்சி எடுத்துத் தாருங்கள்' என்று வெளிநாட்டிலிருந்து வருபவர் கேட்பது, கொடுப்பவரைச் சிறைக்கு அனுப்பக்கூடும்.
- காட்டுப்பன்றி பயிரை அழிக்கும் விலங்கு என்பதால் மானுக்குள்ள அளவு பாதுகாப்பு அதற்கு இல்லை. என்றாலும் துவக்கு வேண்டுமானால் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி உரிமம் வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். உரிமமில்லாத இடியன் துவக்கை வைத்திருப்பதே குற்றம்.
- கட்டுத்துவக்கும் பன்றி வெடியும் எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்கப்படுவதில்லை. தன் சொந்தக் காணியில், பயிரைக் காக்க வைத்தேன் என்பது நியாயமாகாது. ஆள் இறந்தால் கொலை வழக்கே வரும்.
- காட்டில் குறுக்கே கட்டிய கயிறோ மெல்லிய கம்பியோ கண்டால் தொடக்கூடாது, வந்த வழியே திரும்ப வேண்டும். கிராம உத்தியோகத்தருக்கோ வனஜீவராசிகள் திணைக்களத்துக்கோ அறிவிக்க வேண்டும்.
- யானையாலோ பன்றியாலோ ஏற்பட்ட சேதத்துக்கு, பயிர் இருந்த நிலையிலேயே படம் எடுத்து, தாமதிக்காமல் முறைப்பாடு செய்ய வேண்டும். நாட்கள் கடந்தால் நட்டஈடு பெறுவது கடினம்.

எதைக் கேட்கலாம்?

கதிரவெளிக் காட்டில் வெளிநாட்டவர் வந்து மானைச் சுட்டுக் காசு கொடுக்கட்டும் என்று யாரும் கேட்கவில்லை. நமீபியாவின் வெட்டவெளி வேறு, நம் சிறிய தீவின் காடு வேறு. இங்கே மான் மரைகளின் எண்ணிக்கையும் வேட்டையைத் தாங்கும் நிலையில் இல்லை. நமீபியாவிடமிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது, காட்டைக் காப்பதில் காட்டோரத்து மக்களுக்குச் சட்டப்படி ஒரு பங்கு இருந்தால் அவர்களே அதன் காவலர்கள் ஆவார்கள் என்ற அனுபவம். சுருக்கு எங்கே வைப்பார்கள் என்பதை முன்னாள் வேட்டைக்காரனைவிட யார் அறிவார்? சுருக்கு அகற்றுபவனாக, தடம் காட்டுபவனாக, வழிகாட்டியாக அவனுக்கு மாதச் சம்பளம் கொடுத்தால் அந்த அறிவு களவுக்குப் போகாது.

ஐக்கிய நாடுகள் சபை 2007இல் பழங்குடி மக்களின் உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியபோது இலங்கை ஆதரித்து வாக்களித்தது. ஆகவே தேன் எடுக்கவும் கிழங்கு அகழவும் மருந்து மூலிகை பறிக்கவும் காட்டுக்குள் போகும் வழியைக் கேட்பதும், முன்னோருக்குச் சடங்கு செய்த இடங்களுக்குப் போகும் உரிமையைக் கேட்பதும், குடிசன மதிப்பீட்டில் வேடர் என்று பதிய விரும்புபவரை அப்படியே பதியச் சொல்வதும் புதிய கோரிக்கைகள் அல்ல. அரசாங்கம் தானே ஒப்புக்கொண்டவற்றைத்தான் கேட்கிறோம்.

இன்னொரு வேலை நம் கையிலேயே இருக்கிறது. வாகரைப் பக்கத்தில் 70 வயதைத் தாண்டிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த மடு எப்போது வற்றும், மரையின் தடம் எப்படியிருக்கும், எந்தச் சடங்கில் யாரை அழைப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். கையிலிருக்கும் தொலைபேசியே ஒலிப்பதிவுக் கருவி. பாடசாலை மாணவர்கள் தங்கள் அப்பப்பாவிடமும் அம்மம்மாவிடமும் கேட்டுப் பதியலாம். அதற்குத் திணைக்களத்தின் அனுமதி தேவையில்லை. அந்தப் பெரியவர்கள் போய்விட்டால், காடு இருந்தாலும் அதை வாசிக்கத் தெரிந்தவர் இருக்கமாட்டார்கள்.